பார்க் செய்த பிறகும் கார் லைட் அணையவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

"சார், உங்க வண்டியில லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு!"

இரவு பத்து மணிக்கு மேல் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், சாப்பிட்ட கை கழுவாமல் ஓடத்தான் தோன்றும். கீழே போய்ப் பார்த்தால் இன்ஜின் ஆஃப், கதவு பூட்டியிருக்கிறது, சாவி கையில் இருக்கிறது. ஆனாலும் லைட் எரிகிறது.

'சரி, காலையில பார்த்துக்கலாம்' என்று திரும்பி வந்து படுப்பவர்கள் உண்டு. 'வண்டி தீப்பிடிச்சிருமோ' என்று விடிய விடியத் தூங்காதவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். எந்த லைட் எரிகிறது என்று சரியாகப் பார்த்தாலே பாதிப் பிரச்னை தெரிந்துவிடும். பல நேரங்களில் அது ரிப்பேராகவே இருக்காது.

முதலில் ஐந்து நிமிடம் பொறுங்கள்

இப்போது வரும் கார்களில் 'ஃபாலோ மீ ஹோம்' என்று ஒரு வசதி இருக்கிறது. இருட்டில் காரை நிறுத்திவிட்டு வீட்டு வாசல்வரை நடந்துபோக வெளிச்சம் வேண்டும் என்பதற்காக, இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் ஹெட்லைட் கொஞ்ச நேரம் எரியும். சில கார்களில் அரை நிமிடம், சிலவற்றில் ஒரு நிமிடம், சில மாடல்களில் ஐந்து நிமிடம்வரைகூட எரியும். பல கார்களில், இன்ஜினை நிறுத்திய பிறகு லைட் லிவரை ஒருமுறை நம் பக்கம் இழுத்துவிட்டாலே இது வேலைசெய்யத் தொடங்கிவிடும். இறங்கும்போது கை தெரியாமல் பட்டிருக்கலாம்.

உள்ளே எரியும் கேபின் லைட்டும் அப்படித்தான். கதவை மூடியதும் பட்டென்று அணையாமல், சில விநாடிகள் கழித்து மெள்ள மங்கி அணையும்.

ஆகவே, காரைப் பூட்டிவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். தானாக அணைந்தால் பிரச்னை இல்லை. எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதைப் பல கார்களில் திரையில் உள்ள செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். டேஷ்போர்டு டிராயரில் பிரிக்காமலேயே கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலில் இதற்கு ஒரு பக்கம் இருக்கும்.

டேஷ்போர்டில் விட்டுவிட்டு மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் விழித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அதேபோல, டார்ச் அடித்தால் பின்பக்க பம்பரில் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் ரிஃப்ளெக்டர்தான், லைட் அல்ல.

ஸ்மார்ட் கீயை எங்கே மாட்டுகிறீர்கள்?

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் சில கார்கள், சாவி பக்கத்தில் வந்தாலே 'வாங்க வாங்க' என்று லைட் போட்டு வரவேற்கும். தனி வீட்டில் கார் நிற்கும் போர்ட்டிகோவுக்கு ஒட்டிய சுவரில் ஆணியடித்துச் சாவியை மாட்டியிருந்தால், சாவியும் காரும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். அதுவும் பேட்டரியைத் தின்னும். சாவியைக் காரிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் உள்ள ஆட்டோமேட்டிக் கார்களில் இன்னொன்றும் நடக்கும். கியரைப் 'பி'யில் போடாமல் இன்ஜினை நிறுத்தினால், பல கார்கள் முழுதாக ஆஃப் ஆகாது. அக்ஸசரி நிலையிலேயே நிற்கும். கியரைப் 'பி'க்கு மாற்றி, பட்டனை மறுபடி அழுத்தி ஆஃப் செய்யுங்கள்.

எந்த லைட் எரிகிறது?

ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் அணையவில்லையா? காரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மொபைலில் ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை மெக்கானிக்கிடம் காட்ட உதவும். ஏனென்றால், மெக்கானிக் முன்னால் பல கார்கள் நல்ல பிள்ளையாகிவிடும்!

முன்னும் பின்னும் மங்கலாக எரிந்தால்... அது பார்க்கிங் லைட். ஸ்டீயரிங் பக்கத்து லைட் சுவிட்ச் முதல் நிலையில் நின்றிருக்கும். பல கார்களில் இன்ஜின் ஆஃப் ஆனாலும் இந்த லைட்டுக்கு கரன்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். டிரைவர் கதவைத் திறக்கும்போது 'கீங்... கீங்...' என்று கார் கத்துவது இதைச் சொல்லத்தான்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்தால்... ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களில் இது ஒரு வசதி. இன்ஜினை நிறுத்திய பிறகு இண்டிகேட்டர் லிவர் மேலேயோ கீழேயோ இருந்தால், அந்தப் பக்கத்துப் பார்க்கிங் லைட் மட்டும் எரியும். வெளிச்சமில்லாத குறுகிய தெருவில் காரை நிறுத்தும்போது, போக்குவரத்து உள்ள பக்கம் மட்டும் தெரிந்தால் போதும் என்பதற்கான ஏற்பாடு இது. லிவரை நடுவில் கொண்டுவந்தால் அணைந்துவிடும். இதற்காக ஒயரிங்கைப் பிரித்துப்போட்ட கதைகளும் உண்டு!

பின்னால் மட்டும் பளிச்சென்று சிவப்பாக எரிந்தால்... அது பிரேக் லைட். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பெடல் மேலே வந்ததும், அதில் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் போன்ற ஸ்டாப்பர் அந்த சுவிட்சை அழுத்தி லைட்டை அணைக்கும. வெயிலிலும் வயதிலும் அந்த ஸ்டாப்பர் உடைந்து உதிர்ந்துவிட்டால், சுவிட்சின் முனை அந்த ஓட்டைக்குள் நுழைந்துவிடும். பெடலை யாரோ மிதித்துக்கொண்டே இருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். டிரைவர் பக்க மேட்டில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் காரணம் இதுவேதான். மிக மலிவான பொருள், சீக்கிரம் முடிந்துவிடும் வேலை.

பெடலுக்கு அடியில் காலை விட்டு மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். லைட் அணைந்தால், பெடல் முழுதாகத் திரும்பி வரவில்லை அல்லது சுவிட்ச் இடம் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். மேட் நழுவி பெடலில் சிக்கியிருக்கிறதா, டிரைவர் பக்கத்தில் வைத்த குடையோ பையோ பெடலில் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தப் பிரச்னையில் பேட்டரி இறங்குவதைவிடப் பெரிய ஆபத்து சாலையில் இருக்கிறது. பிரேக் லைட் எந்நேரமும் எரிந்தால், நீங்கள் நிஜமாகவே பிரேக் போடும்போது பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது தெரியாது.

ஹெட்லைட்டே அணையாமல் எரிந்தால்... சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா, ஆட்டோவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் செய்தும் எரிந்தால், அடுத்த சந்தேகம் ரிலே மீது. ரிலே என்பது சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் வாசல். அதன் உள்ளே இருக்கும் இரண்டு உலோக முனைகள் சூட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால், சுவிட்சை அணைத்தாலும் லைட் எரியும்.

அவை ஏன் ஒட்டிக்கொள்கின்றன? வயது ஒரு காரணம். இன்னொன்று, 'வெளிச்சம் பத்தலை' என்று நாமே மாட்டும் பல்பு. பல கார்களில் கம்பெனியே தரும் ஹாலஜன் பல்பு 60/55 வாட். அந்த இடத்தில் 100/90 வாட் பல்பைப் போட்டால், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் கரன்ட் ஓடும். அதே பழைய ஒயர், அதே பழைய சுவிட்ச், அதே ரிலே. ஹோல்டர் உருகுவதும் ரிலே ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

உள்ளே கேபின் லைட் எரிந்தால்... கூரையில் உள்ள சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: ஆன், டோர், ஆஃப். பின்சீட்டில் விளையாடிய குழந்தை அதை 'ஆன்' பக்கம் தள்ளியிருக்கலாம். 'டோரில்' இருந்தும் எரிந்தால் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை. டேஷ்போர்டில் கதவு திறந்திருக்கும் படம் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து, அழுத்தி மூடுங்கள். பழைய மாடல்களில் கதவுத் தூணில் ரப்பர் உறை போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதை விரலால் அழுத்தினால் லைட் அணைய வேண்டும். புதிய கார்களில் அந்த சுவிட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும்.

கண்ணில் படாத எதிரி டிக்கிக்குள் இருக்கும் லைட். மூடிய பிறகு அது அணைந்ததா என்று எப்படித் தெரியும்? மொபைலில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். சாவி கையில் இருக்கட்டும். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். டேஷ்போர்டு டிராயர் லைட்டுக்கும் இதே வழிதான்.

அணைத்த பிறகும் லேசாக மினுங்கினால்... சாதாரண பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி மாட்டிய கார்களில் இது நடக்கும். சாதாரண பல்பை எரியவைக்கப் போதாத மிகச் சிறிய கசிவு கரன்ட்கூட எல்.இ.டியை ஒளிரவைத்துவிடும்.

வெளியில் மாட்டிய சமாசாரங்கள்

கம்பெனியிலிருந்து வரும்போது நன்றாக இருந்த கார், 'ஆக்சசரீஸ்' கடைக்குப் போய்வந்த பிறகு தொல்லை தருகிறதா? கூடுதல் ஃபாக் லைட், சீட்டுக்கு அடியில் கலர் லைட், டேஷ் கேமரா என்று எதை மாட்டினாலும், அதற்கான கரன்ட்டை இக்னிஷன் லைனிலிருந்து ஃபியூஸ் போட்டு எடுக்க வேண்டும். அவசரத்தில் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து டேப் சுற்றிவிட்டால், காரை நிறுத்தினாலும் அவை நிற்காது. டேஷ்போர்டில் பிள்ளையார் தலைக்குப் பின்னால் எரியும் குட்டி ஒளிவட்டத்தையும் மறக்காதீர்கள். சில கார்களில் அந்தச் சார்ஜர் சாக்கெட்டுக்கு இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் கரன்ட் வரும்.

மழையும் எலியும் மீதிக் கணக்கு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த சென்னைக் கார்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தண்ணீர் புகுந்த கனெக்டரில் சில மாதங்கள் கழித்துப் பச்சைக் களிம்பு பிடிக்கும். போகக் கூடாத வழியில் கரன்ட் போகும். சில நாள் அசையாமல் நின்ற காரின் பானட்டுக்குள் எலி கடித்த ஒயரும் இதே வேலையைச் செய்யும்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

சின்னக் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர் ஹவர் அளவுள்ள 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அது புதிதாக, முழுச் சார்ஜில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கு:

• ஹெட்லைட்டும் கூடவே எரியும் பார்க்கிங் லைட்டும்: ஹாலஜன் பல்பு என்றால் சுமார் 11 ஆம்பியர். மூன்று மணி நேரத்தில் பேட்டரி காலி.

• பிரேக் லைட்: 21 வாட் பல்பு இரண்டுக்குச் சுமார் மூன்றரை ஆம்பியர். 10 மணி நேரம்.

• பார்க்கிங் லைட் மட்டும்: சுமார் 2 ஆம்பியர். 17 மணி நேரம்.

• கேபின் லைட்: 10 வாட் என்றால் சுமார் 0.8 ஆம்பியர். 40 மணி நேரத்துக்கு மேல்.

இது முழுதாகக் காலியாகும் நேரம். செல்ஃப் திணறுவதற்குப் பாதி இறங்கினாலே போதும், பழைய பேட்டரி என்றால் அதுவும் வேண்டாம். ஆகவே, ஹெட்லைட் எரிந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். பிரேக் லைட்டும் பார்க்கிங் லைட்டும் எரிந்தால், காலை ஆபீஸ் பயணம் சந்தேகம். கேபின் லைட் ஓர் இரவைத் தாங்கும். ஆனால், வெள்ளி இரவு நிறுத்தி திங்கள் காலை எடுத்தால் தாங்காது. எல்.இ.டி லைட் உள்ள கார்களில் இந்த நேரம் இன்னும் நீளும்.

எல்லா லைட்டும் அணைந்த காரும் கொஞ்சம் கரன்ட் எடுக்கும். கடிகாரம், அலாரம், சாவியைத் தேடும் ரிசீவர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் என்பது சகஜம். 50 மில்லி ஆம்பியர் என்றாலும் 29 நாள் கணக்கு வரும். 'லைட் எதுவும் எரியலை, ஆனா மூணு நாள்ல பேட்டரி டவுன் ஆகுது' என்றால், எங்கோ கசிகிறது என்று பொருள்.

ராத்திரியில் மெக்கானிக் கிடைக்கவில்லையா?

பானட்டைத் திறந்தால் ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும். எது எதற்கான ஃபியூஸ் என்று பல கார்களில் மூடியின் உள்பக்கமே படம் இருக்கும்; இல்லையென்றால் மேனுவலில் இருக்கும். எரியும் லைட்டுக்கான ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டால் அன்று இரவு தப்பிக்கலாம். ஹெட்லைட்டுக்கு இடது, வலது என்று தனித்தனி ஃபியூஸ் இருக்கக்கூடும்.

ஹெட்லைட் ரிலே தனியாகக் கழற்றும்படி இருந்தால், அதன்மீது ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். லைட் அணைந்தால் குற்றவாளி அதுதான். அணைந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், மறுநாள் புது ரிலே மாற்றிவிடுங்கள்.

பிரேக் லைட் என்றால், பெடலுக்கு மேலுள்ள சுவிட்சின் கனெக்டரைக் கழற்றலாம். ஆனால், காலையில் மறக்காமல் மாட்டிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். பிரேக் லைட் இல்லாமல் சாலைக்குப் போவது எரிந்துகொண்டே போவதைவிட மோசம். ஆட்டோமேட்டிக் கார்களில் அந்த சுவிட்ச் வேலைசெய்யாமல் கியரே மாறாது.

எதுவும் புரியவில்லை என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கழற்றும் முன் சாவி கையில் இருக்கட்டும். பேட்டரி இல்லாமல் ரிமோட் வேலைசெய்யாது. கடிகாரமும் சில செட்டிங்ஸும் அழியலாம், பரவாயில்லை.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஃபியூஸ் போனால் அதற்குப் பதில் செம்புக் கம்பியோ, அதிக ஆம்பியர் ஃபியூஸோ போடாதீர்கள். சூட்டில் ஃபியூஸ் உருகவில்லை என்றால் ஒயர்தான் உருகும். கார் தீப்பிடிப்பது அப்படித்தான்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால்...

ரிமோட்டே வேலைசெய்யவில்லை என்றால், ஸ்மார்ட் கீயின் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கலாம். அது எப்படி வெளியே வரும் என்பதை இன்றே ஒருமுறை செய்து பாருங்கள்.

ஜம்ப்பர் கேபிளுக்கு ஒரு வரிசை உண்டு. இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. முதலில் சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். பிறகு, கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கடைசியில் தெறிக்கும் பொறி அதன் அருகில் இருக்கக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் இதே வரிசையைத் தலைகீழாகக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ கிட்டேயே போக வேண்டாம். மேனுவல் அனுமதிக்காதவரை, எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களிலிருந்து மற்ற காருக்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் கார்களுக்கு மட்டும்தான். பேட்டரி அடியோடு காலியாகியிருந்தால் அதுவும் பலிக்காது. ஃபியூயல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் வேண்டுமே!

ஸ்டார்ட் ஆன பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதோடு முழுச் சார்ஜ் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை முற்றிலும் இறங்கிய பேட்டரியைக் கடையில் கொடுத்து நிதானமாகச் சார்ஜ் போடுவதே நல்லது. காரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்தால், 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 பாதி, 12க்குக் கீழே போனால் ஆபத்து. அடிக்கடி அடியோடு இறங்கும் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும்.

வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவ வலி போன்ற அவசரம் வந்து அந்த நேரத்தில் கார் எடுக்கவில்லை என்றால், கேபிள் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கார் அப்புறம்.

எலெக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது?

'பேட்டரி போச்சு, மாத்திடுங்க' என்று சொன்னதும் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். லைட் ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் பேட்டரியை மாற்றினால், புதியதும் இறங்கும். காரைப் பூட்டி அரை மணி நேரம் தூங்கவிட்ட பிறகு எவ்வளவு மில்லி ஆம்பியர் போகிறது என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதிகமாக இருந்தால், ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார்க்கும்போது எந்த லைனில் கசிவு என்று தெரிந்துவிடும். வாரன்ட்டி இருக்கும் கார் என்றால் ஒயரை வெட்டும் முன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இறங்கிப் பூட்டியதும் நேராக லிஃப்ட்டுக்கு நடக்காமல், பத்தடி தள்ளி ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பின்சீட்டில் பிள்ளை யாரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்களா, கண்ணாடி ஏற்றியிருக்கிறதா, லைட் அணைந்திருக்கிறதா என்று மூன்றையும் அந்த ஒரு பார்வையிலேயே பார்த்துவிடலாம். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், நெகட்டிவ் முனையை எப்படிக் கழற்றுவது என்பதையும் காட்டிவிட்டுப் போனால் இன்னும் நிம்மதி.